34 பேரில் 27ஆம் இடம்: மொரிஷியஸ் மாணவி ஒருத்தியின் தரவரிசை பற்றிய நிகழ்வு ஆய்வு

பத்தாம் வகுப்பின் முதல் பருவம் முடிந்ததும், வழக்கமான கணிதத்தோடு தனியாக எடுக்கும் கூடுதல் கணிதப் பாடத்தை மாணவி ஒருத்தி விட்டுவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. வீட்டில் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார்கள். காரணம், முன்னேற்ற அறிக்கையின் அடியில் இருந்த ஒரு எண்: 34 பேரில் 27ஆம் இடம். முந்தைய ஆண்டு அவள் 32 பேரில் 2ஆம் இடம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பெற்றோருக்கு, பிள்ளை சரிந்துவிட்டாள் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

நான் தமிழாசிரியை. தேர்வு மதிப்பீட்டைத் தனியாகப் படித்தவள். கோவில் வகுப்பில் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் அவள் அம்மா அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார். இந்த ஆய்வை எழுதப் பெற்றோரும் மாணவியும் சம்மதித்திருக்கிறார்கள். பெயர், ஊர், பள்ளி எதையும் சொல்லவில்லை. மதிப்பெண்களையும் அடையாளம் தெரியாதபடி லேசாக மாற்றியிருக்கிறேன். அவற்றுக்கிடையிலான உறவு மாறவில்லை.

பின்னணி

வெளிநாட்டு வாசகர்களுக்கு இங்குள்ள ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். மொரிஷியஸில் தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டு. அதன் முடிவில் தேசியத் தேர்வு. 2016 வரை அதற்கு சி.பி.ஈ. என்று பெயர், 2017 முதல் பி.எஸ்.ஏ.சி. அப்புறம் ஏழாம் வகுப்பு முதல் கோலேஜ், அதாவது மேல்நிலைப் பள்ளி. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் பெரும்பாலும் அவரவர் வட்டாரத்துப் பள்ளியிலேயே. ஒன்பதாம் வகுப்பு முடிவில் என்.சி.ஈ. என்ற இன்னொரு தேசியத் தேர்வு. அதில் மேலே வருகிறவர்களுக்கு நாட்டிலுள்ள 12 அகாடமிகளில் இடம் கிடைக்கும். நம் மாணவி சேர்ந்த காலத்தில் அகாடமியில் பத்து முதல் பதின்மூன்றாம் வகுப்பு வரைதான் இருந்தது. பதினொன்றில் எஸ்.சி., பதின்மூன்றில் எச்.எஸ்.சி.; இரண்டும் கேம்பிரிட்ஜ் தேர்வுகள். எச்.எஸ்.சி.யில் நாட்டிலேயே முன்னணியில் வருகிறவர்கள் லோரேயா. அரசு செலவில் பல்கலைக்கழகம் போகலாம். அந்தப் பட்டியல் வெளியாகும் நாளில் பள்ளி முற்றத்தில் நண்பர்கள் அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு கொண்டாடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கப் படம் அதுதான். இங்கே ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகும் வரை ‘எத்தனையாவது?’ என்ற கேள்வி கூடவே வருகிறது.

நம் மாணவி தெற்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா பஸ் ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறார். வீட்டில் பேச்சு கிரியோல், நாட்டில் பெரும்பாலோர் பேசும் மொழி. தமிழ் பாட்டியோடும் கோவிலோடும் பள்ளிப் பாடமாகவும் இருக்கிறது. கணிதப் பாடமும் வினாத்தாளும் ஆங்கிலத்தில். வட்டாரப் பள்ளியில் மூன்று ஆண்டும் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தவள். என்.சி.ஈ.யில் நல்ல தரம் பெற்று அகாடமிக்குப் போனாள். அவள் வகுப்பிலிருந்து அகாடமிக்குப் போனவர்கள் இரண்டே பேர். கோவிலில் அர்ச்சனை செய்து எல்லாருக்கும் பிரசாதம் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து இந்த அறிக்கை.

அறிக்கையில் இருந்தது

கணிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், முடிவு அதைப் பற்றியது என்பதால்.

ஒன்பதாம் வகுப்புக் கடைசிப் பருவத்தில் அவள் 78 வாங்கியிருந்தாள். வகுப்புச் சராசரி 51. அகாடமியின் முதல் பருவத்தில் 64. வகுப்புச் சராசரி 71, அதிகபட்சம் 93. கணிதத்தில் மட்டும் பார்த்தால் 26ஆம் இடம், எல்லாப் பாடமும் சேர்த்து 27ஆம் இடம்.

அப்பா அறிக்கையை மேசையில் வைத்து விரலால் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார். “மிஸ், இதுக்கு என்ன விளக்கம் வேண்டியிருக்கு? போன வருஷம் ரெண்டாவது, இப்போ இருபத்தேழாவது. கணக்கு அவளுக்கு வரல. கூடுதல் கணக்கை விட்டுட்டு எகனாமிக்ஸ் எடுக்கட்டும். பொண்ணு ராத்திரி தூங்காம அழறா.”

அவர் கவலை நியாயமானது. அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு எந்தப் பெற்றோரும் நூற்றுமானம் (தனக்குக் கீழே நூற்றுக்கு எத்தனை பேர்), திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன) என்று யோசிக்க மாட்டார்கள். ஆனால் அந்த எண்ணை நம்பி ஒரு பாடத்தை விடுவது சின்ன விஷயமல்ல. பத்தாம் வகுப்பில் விட்ட கூடுதல் கணிதத்தைப் பின்னால் பிடிப்பது கடினம். எச்.எஸ்.சி.யில் கணிதம் முதன்மைப் பாடமாக எடுக்க நினைத்தால் அது இல்லாமல் திணற வேண்டியிருக்கும். பொறியியல் படிக்க வேண்டும் என்பது எட்டாம் வகுப்பிலிருந்து அவள் சொல்லிவந்த ஆசை.

வகுப்பாசிரியரிடம் கேட்டோம். பெயர்களை எடுத்துவிட்டு, 34 பேரின் கணித மதிப்பெண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். அந்தத் தாள் இல்லாமல் இந்த ஆய்வே இல்லை. பழைய பள்ளியிலும் அதேபோல் ஒரு பட்டியல் கிடைத்தது.

இரண்டு பட்டியல்கள்

பழைய வகுப்பில் மதிப்பெண்கள் 15க்கும் 80க்கும் இடையே சிதறிக் கிடந்தன. திட்ட விலக்கம் 17. அவளுடைய 78, சராசரியிலிருந்து ஒன்றரைத் திட்ட விலக்கத்துக்கும் மேலே. புது வகுப்பில் திட்ட விலக்கம் 11 மட்டுமே. எல்லாரும் நெருக்கமாக நிற்கிறார்கள். அவளுடைய 64, சராசரிக்குக் கீழே. ஆனால் ஒரு திட்ட விலக்கம்கூடக் கீழே இல்லை.

இது ஏன் என்று விளக்கத் தேவையே இல்லை. என்.சி.ஈ. என்ற சல்லடையில் மேலே நின்றவர்களை மட்டும் எடுத்து ஒரு வகுப்பு அமைத்திருக்கிறார்கள். அந்த 34 பேரில் அநேகமாக எல்லாருமே தங்கள் பழைய பள்ளியில் முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்தவர்கள். அவர்களை வரிசையில் நிறுத்தினால் யாரோ ஒருவர் 27ஆவதாகவும், யாரோ ஒருவர் 34ஆவதாகவும் நிற்கத்தான் வேண்டும். 34ஆம் இடத்தில் இருக்கிற பிள்ளையும் வட்டாரப் பள்ளியில் முதலிடம் வாங்கியிருக்கக்கூடிய பிள்ளைதான்.

அடுத்தது, 26ஆம் இடம் எவ்வளவு உறுதியான இடம் என்ற கேள்வி. எந்தத் தேர்வும் ஒரு பிள்ளையின் அறிவைத் துல்லியமாக அளந்துவிடாது. அன்று வந்த கேள்விகள், உடம்பு நிலை, திருத்துபவரின் கண்டிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு தடுமாற்றம் இருக்கும். தேர்வின் நம்பகத்தன்மைக் கெழு, அதாவது மறுபடி வைத்தாலும் ஏறக்குறைய அதே முடிவு வருமா என்பதன் அளவு (1 என்றால் முழு உறுதி), 0.85 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், திட்ட விலக்கம் 11 என்றால் அளவீட்டுப் பிழை 4 மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கூடுதல். அப்படியானால் அவளுடைய 64 என்பது 60க்கும் 68க்கும் இடையே எங்கோ என்றுதான் சொல்ல முடியும். அதுவும் மூன்றில் இரண்டு பங்கு உறுதியோடு மட்டும். வகுப்பாசிரியர் தந்த தாளில் 60க்கும் 68க்கும் இடையே எத்தனை பேர் என்று எண்ணினோம். அவளோடு சேர்த்து 9 பேர். வரிசையில் 21ஆம் இடம் முதல் 29ஆம் இடம் வரை அந்த ஒன்பது பேர்தான். வேறொரு நாள், வேறொரு வினாத்தாள் என்றால் அவள் 21ஆகவும் இருந்திருக்கலாம், 29ஆகவும் இருந்திருக்கலாம். மொத்த மதிப்பெண்ணிலும் இதே கதைதான். எட்டுப் பாடம் சேர்த்து 800இல், 14ஆம் இடத்துக்கும் 27ஆம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் 31 மதிப்பெண். பாடத்துக்கு 4கூட இல்லை.

இந்த இடத்தில் அப்பா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ பதினாலாவது வந்த பையனுக்கும் இவளுக்கும் அவ்வளவுதானா வித்தியாசம்?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

தரவரிசையின் இந்தக் குணம் நம் வகுப்புக்கு மட்டும் உரியதல்ல. சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்று அமைத்த ஒரு தரப்படுத்திய தேர்வை எடுத்துக்கொள்வோம். 100 வாங்கிய பிள்ளை 50ஆவது நூற்றுமானத்தில் இருக்கும். அதாவது ஒப்பீட்டுக் குழுவில் பாதிப் பேர் அதற்குக் கீழே. மூன்று புள்ளி கூடுதலாக, 103 வாங்கினால் 58ஆவது நூற்றுமானம். ஒரே தாவலில் எட்டுப் படி. அதே மூன்று புள்ளியை 130இலிருந்து 133க்கு ஏறிப் பெற்றால் 98லிருந்து 99க்குத்தான் நகரும். நடுவில் கூட்டம் நெரிசலாக இருப்பதால் சின்ன அசைவுகூடப் பெரிய மாற்றமாகத் தெரிகிறது. ஓரங்களில் பெரிய உழைப்புகூடத் தெரிவதில்லை. பெற்றோர் கையில் நூற்றுமானத்தைக் கொடுக்கும் எந்தப் பள்ளியும் இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நூற்றுமானத்தைச் சதவீதம் என்று எண்ணிக்கொண்டு, “50தான் வாங்கியிருக்கிறான், பாதிதான் தெரிகிறது” என்று திட்டு வாங்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை தன் வயதுக் கூட்டத்தின் நட்டநடுவில் நிற்கிறது, அவ்வளவுதான்.

இதே கேள்வியை நாடு கேட்டபோது

யாரோடு ஒப்பிடுகிறோம், எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்ற கேள்வி மொரிஷியஸில் ஒரு அரசாங்கத்தையே அசைத்திருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இது நெருக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சி.பி.ஈ. காலத்தில் தேர்ச்சி மட்டும் போதாது. நாடு முழுக்க எழுதிய பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்தி, மேலே வந்தவர்களுக்குப் பேர்போன கோலேஜ்களில் இடம் கொடுத்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சில மதிப்பெண்கள் தீர்மானித்தன. வரிசைக்கு எண்ணப்பட்டவை ஆங்கிலம், பிரெஞ்சு, கணிதம், சுற்றுச்சூழல் பாடம். தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, மாண்டரின், அரபு போன்ற மொழிகளைப் படித்த பிள்ளைகளின் மதிப்பெண் வரிசையில் சேரவில்லை. அதையும் எண்ண வேண்டும் என்று ஒரு பக்கம் கேட்டது. அப்படி எண்ணினால் அந்த மொழி எதையும் படிக்காத பிள்ளைகள், முக்கியமாகப் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல் சமூகத்துப் பிள்ளைகள், பின்னே தள்ளப்படுவார்கள் என்று மறுபக்கம் சொன்னது. 1995இல் பிரதமர் அனெரூட் ஜுக்நாத்தின் அரசு, அந்த மொழிகளையும் வரிசையில் எண்ணுவதற்காக அரசமைப்புச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. டிசம்பர் மாதத் தேர்தலில் எதிரணி, மொரிஷியஸ் தீவின் 60 இடங்களையும் வென்றது.

அன்றைய பெற்றோர் இரு தரப்பும் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்கள். இரு தரப்புக்கும் காரணம் இருந்தது. தேர்வு மதிப்பீட்டின் கண்ணோடு பார்த்தால் விஷயம் எளிது. நான்கு பாடத்திலும் ஒரே மொத்தம் வாங்கிய இரண்டு பிள்ளைகள். ஒருத்தி தமிழில் 90 வாங்கியிருக்கிறாள், இன்னொருவன் மொழிப் பாடம் எடுக்கவே இல்லை. தமிழை எண்ணினால் அவள் மேலே, எண்ணாவிட்டால் இருவரும் சமம். இருவரில் யாருடைய கணித அறிவும் இதனால் ஒரு இம்மிகூட மாறவில்லை. மாறியது அளவுகோல். ஒரு சமூகத்தின் பிள்ளைகள் பல ஆண்டு உழைத்துக் கற்ற மொழி கணக்கில் வராதது வேதனை. கற்க வாய்ப்பே அமையாத ஒன்றுக்காக இன்னொரு சமூகத்துப் பிள்ளை பின்னே போவதும் வேதனை. இடங்கள் குறைவாக இருந்து, எல்லாரையும் ஒற்றை வரிசையில் நிறுத்தியே தீர வேண்டும் என்று முடிவெடுத்தபின் இந்த இரண்டு வேதனையில் ஒன்றைத் தவிர்க்கவே முடியாது.

2000களின் தொடக்கத்தில், ஸ்டீவன் ஒபீகாடூ கல்வி அமைச்சராக இருந்தபோது தரவரிசை எடுக்கப்பட்டு எழுத்துத் தரங்கள் வந்தன. 2005 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு ‘ஏ பிளஸ்’ என்று ஒரு மேல்தரம் முளைத்தது. முன்னணிப் பள்ளிகளின் கதவு மறுபடி அதற்குத் திறந்தது. 2017இல் பி.எஸ்.ஏ.சி. வந்து, ஏழாம் வகுப்புச் சேர்க்கை வட்டார அளவில் ஆனது. கிரியோல் மொழியும் விருப்பப் பாடமாக அந்தத் தேர்வில் இடம்பெற்றது. பிள்ளைகளைப் பிரிக்கும் தேர்வு இப்போது பதினொரு வயதிலிருந்து பதினான்கு, பதினைந்து வயதுக்கு நகர்ந்திருக்கிறது. அது நல்ல நகர்வு என்றே நினைக்கிறேன். ஆனால் நம் மாணவி போன்றவர்களுக்கு அதிர்ச்சியும் அதே வயதில், அதுவும் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்திலேயே வருகிறது.

நாட்டுக்கே இப்படி இரண்டு அறிக்கைகள் உண்டு. தென், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்த சாக்மெக் ஆய்வின் 2007 சுற்றில் மொரிஷியஸ் கணிதத்தில் 623 புள்ளி, பங்கேற்றவர்களில் முதலிடம். வாசிப்பில் 574. அந்த அளவுகோலில் 500 என்பது முந்தைய சுற்றில் பங்கேற்ற நாடுகளின் சராசரி. அப்புறம் பல நாடுகளின் 15 வயதினரை ஒப்பிடும் பீசா என்ற சர்வதேசத் தேர்வின் 2009 சுற்று நீட்டிப்பில் இங்குள்ள 15 வயதினர் எழுதினார்கள். கணிதம் 420, வாசிப்பு 407. அங்கே 500ஐ ஒட்டி நிற்பது வளர்ந்த நாடுகளின் சராசரி. வயதும் தாளும் வேறு வேறு என்பது உண்மை. ஆனாலும் ஒரு கூட்டத்தில் தலை நிமிர்ந்து நின்ற நாடு இன்னொரு கூட்டத்தில் பின்வரிசைக்குப் போனதை மூன்றே ஆண்டில் கல்வி பாழாகிவிட்டது என்று யாரும் படிக்க மாட்டார்கள். நாட்டுக்குக் கொடுக்கும் இந்தப் பொறுமையைப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் அப்பாவிடம் சொன்னேன்.

விடைத்தாளைத் திறந்தபோது

வரிசை எண்ணுக்கு இவ்வளவுதான் மரியாதை என்றால், அவளுக்குக் கணிதம் வருகிறதா என்று தெரிந்துகொள்வது எப்படி? 1963இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் கிளேசர் இந்த இரண்டு கேள்வியையும் தெளிவாகப் பிரித்து வைத்தார். மற்றவர்களுக்கு நடுவில் எங்கே நிற்கிறாள் என்பது ஒரு கேள்வி. இன்ன வேலையைச் செய்யத் தெரிகிறதா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்குப் பதில் சொல்லும் மதிப்பெண் இரண்டாவதற்குப் பதில் சொல்லாது.

முதலில் அவள் ஒன்பதாம் வகுப்புக் கடைசிப் பருவத்தில் எழுதிய அதே தரத்தில், இதுவரை பார்க்காத ஒரு தாளைக் கொடுத்து நேரம் வைத்து எழுதச் சொன்னோம். 86 வந்தது. போன ஆண்டு 78. இரண்டும் வேறு தாள் என்பதால் எட்டு மதிப்பெண் ஏறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இறங்கவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். சரிந்துவிட்டாள் என்ற பேச்சு இங்கேயே முடிந்தது.

அப்புறம் அகாடமித் தாளில் இழந்த 36 மதிப்பெண்ணைக் கேள்வி கேள்வியாகப் பிரித்தோம். இழப்பு தாள் முழுக்கப் பரவியிருக்கும் என்று நானே எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. இயற்கணிதத்தில் ஏறக்குறைய முழு மதிப்பெண். வடிவியலில் இரண்டு மூன்று கைதவறல். 23 மதிப்பெண் இரண்டே இடத்தில் போயிருந்தது: கணங்கள் பற்றிய நீண்ட கேள்வி ஒன்று, பின்னோக்கிய சதவீதக் கணக்குகள்.

கணங்கள் கேள்விக்குக் காரணம் உடனே தெரிந்தது. அந்தப் பாடத்தை வகுப்பில் வேகமாக முடித்துவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் பலரும் விடுமுறையிலேயே லெசனில் படித்துவிட்டு வந்திருந்தார்கள். லெசன் என்றால் இங்கே தனிப்பயிற்சி. மொரிஷியஸில் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு லெசன் இல்லாத வீடு அரிது. ஆனால் எந்த லெசன், எவ்வளவு முன்னால், எத்தனை பாடத்துக்கு என்பது வீட்டுக்கு வீடு மாறும். இவளுக்கு விடுமுறையில் லெசன் இல்லை, அப்பாவால் முடியவில்லை. ஆக, அந்தப் பதினைந்து மதிப்பெண் கேள்வியில் ஒப்பிடப்பட்டது ஒரு தடவை கேட்டவளும் இரண்டு தடவை கேட்டவர்களும். இதையும் சேர்த்துத்தான் வரிசை எண் அளந்தது. ஆனால் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை.

சதவீதக் கணக்குதான் உண்மையான இடறல். தாளில் இருந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். கடைக்காரர் ஒரு பொருளை 850 ரூபாய்க்கு வாங்குகிறார். குறித்த விலையில் 15 சதவீதம் தள்ளுபடி கொடுத்தபிறகும் அவருக்கு 20 சதவீத லாபம் கிடைக்கிறது. குறித்த விலை என்ன?

850க்கு 20 சதவீத லாபம் சேர்த்து விற்ற விலை 1020 என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தாள். அடுத்த வரியில் 1020உடன் அதன் 15 சதவீதமான 153ஐக் கூட்டி, 1173 என்று எழுதியிருந்தாள். சரியான விடை 1200. தள்ளுபடி குறித்த விலையின் மீது. விற்ற விலையின் மீது அல்ல. 1020 என்பது குறித்த விலையில் 85 சதவீதம், ஆகவே 0.85ஆல் வகுக்க வேண்டும். தாளில் இதே வகைக் கணக்கு மூன்று இடத்தில் வேறு வேறு வேடத்தில் வந்திருந்தது: மதிப்புக்கூட்டு வரி சேர்ந்த விலையிலிருந்து வரியில்லாத விலை, சம்பள உயர்வுக்கு முந்தைய சம்பளம், இந்தத் தள்ளுபடி. மூன்றிலும் ஒரே தப்பு. எதன் மீது சதவீதம் என்று நின்று பார்க்காமல், கையில் இருக்கும் எண்ணின் மீதே போட்டிருக்கிறாள். ஒரு தப்பை மூன்று தடவை எண்ணியதில் எட்டு மதிப்பெண்.

அவளிடம் விடையைச் சரிபார்க்கச் சொன்னேன். 1173இல் 15 சதவீதம் கழித்துப் பார்த்தாள். 997 ரூபாய் 5 சென்ட் வந்தது. “1020 வரணுமே, மிஸ்,” என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானாகவே, “கழிச்சது பெரிய எண்ணிலேர்ந்து, கூட்டினது சின்ன எண்ணுக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல,” என்று சொல்லிவிட்டு 1020ஐ 0.85ஆல் வகுத்தாள். இந்தப் பெண்ணுக்குக் கணிதம் வராது என்று எப்படிச் சொல்வது!

மனம் பட்ட பாடு

மதிப்பெண்ணைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது அவள் தன்னைப் பற்றிப் பேசிய விதம். “எனக்குக் கணக்கு வராது போல” என்று போன ஆண்டு அவள் சொன்னதே இல்லை. இதற்கு ஆய்வுலகில் நாற்பது ஆண்டாகப் பெயர் உண்டு: சின்னக் குளத்துப் பெரிய மீன் விளைவு. 1984இல் ஹெர்பர்ட் மார்ஷும் ஜான் பார்க்கரும் காட்டியது இது: ஒரே திறன் கொண்ட இரண்டு பிள்ளைகளில், திறன்மிக்கவர்கள் கூடிய பள்ளியில் படிப்பவர் தன்னைக் குறைவாக எடைபோடுகிறார். 2003இல் மார்ஷும் கிட்-டாய் ஹாவும் 26 நாடுகளின் 15 வயதினரிடம் இதே போக்கைக் கண்டார்கள். பக்கத்து இருக்கையைப் பார்த்துத்தான் பிள்ளைகள் தங்களை அளக்கிறார்கள். அகாடமியில் சேர்ந்த மாணவிக்கு நல்ல ஆசிரியர், நல்ல ஆய்வகம், நல்ல சக மாணவர்கள் கிடைக்கிறார்கள். கூடவே இந்தச் சுமையும் கிடைக்கிறது. சேர்க்கை நாளன்றே பெற்றோரை உட்காரவைத்து, ‘உங்கள் பிள்ளையின் இடம் இறங்கும், அது இயல்பு’ என்று பள்ளி ஒரு தடவை சொல்லியிருந்தால் இந்த வீட்டில் பல இரவு அழுகை மிச்சமாகியிருக்கும்.

ஒப்பீடே கூடாது என்பது என் வாதமல்ல. உதவித்தொகை குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்றால் யாரையாவது முன்னே நிறுத்தித்தான் ஆக வேண்டும். லோரேயா பட்டியலுக்கு வரிசை தேவை. ஒரு பிள்ளை வயதுக்கேற்ற வாசிப்பில் பின்தங்கியிருக்கிறதா என்று பார்க்கவும், சிறப்பு உதவி தேவையா என்று கண்டறியவும் அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் தெரியும். ஆனால் அதற்கு எடுத்துக்கொள்ளும் குழு பெரிதாக, பலதரப்பட்டதாக, அண்மைக் காலத்தியதாக இருக்க வேண்டும். 1987இல் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த மருத்துவர் ஜான் கேனல், அமெரிக்காவின் 50 மாநிலங்களுமே தங்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தேசியச் சராசரிக்கு மேலே என்று அறிவித்துக்கொண்டிருந்ததை அம்பலப்படுத்தினார். எல்லாரும் சராசரிக்கு மேலே இருக்க முடியாது. பல ஆண்டுக்கு முன் எழுதிய பிள்ளைகளோடு ஒப்பிட்டதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒப்பீட்டுக் குழு பழசானால் எல்லாப் பிள்ளையும் கெட்டிக்காரராகத் தெரியும். நம் மாணவிக்கு நடந்ததுபோல் குழு குறுகினால் கெட்டிக்காரப் பிள்ளையும் பின்தங்கியதாகத் தெரியும். 34 பேர் கொண்ட ஒரு வகுப்பு, அதுவும் சலித்தெடுத்த வகுப்பு, ஒரு பாடத்தை விடலாமா என்று முடிவெடுக்கப் போதுமான குழு இல்லை.

செய்ததும் கண்டதும்

கூடுதல் கணிதத்தை விடவில்லை. இரண்டாம் பருவம் முடியும் வரை பொறுப்பது, அதற்குள் இரண்டு வேலை செய்வது என்று பெற்றோர் ஒத்துக்கொண்டார்கள். பின்னோக்கிய சதவீதத்தை வெவ்வேறு வேடத்தில் வாரம் இரண்டு மாலை செய்தாள்; ஒவ்வொரு விடையையும் முன்னோக்கிப் போட்டுச் சரிபார்ப்பது கட்டாயம். கணங்கள் பாடத்துக்கு வகுப்பாசிரியரே மதிய இடைவேளையில் உதவினார். நல்ல மனிதர். அவள் கேட்கத் தயங்கியதால்தான் அதுவரை கிடைக்காமல் இருந்தது.

வீட்டுச் சுவரில் ஒட்ட ஒரு தாள் தயாரித்தோம். அதில் இடம், வரிசை எதுவும் இல்லை. இடது பக்கம் பாடத்திட்டத்தின் தலைப்புகள். வலது பக்கம் மூன்று கட்டம்: தனியாகச் செய்கிறேன், குறிப்பு இருந்தால் செய்கிறேன், இன்னும் தெரியவில்லை. தேதியோடு அவளே குறிப்பாள். பார்க்கத் தெரிந்துகொண்டபின் அப்பாவும் அதைத்தான் முதலில் பார்க்கிறார். சில நாள் அவரே ஒரு கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்பாராம்.

இரண்டாம் பருவத்தில் கணிதம் 72, வகுப்புச் சராசரி 73. சதவீதக் கணக்கு இரண்டு வந்திருந்தது, இரண்டும் சரி. கூடுதல் கணிதத்தில் வகுப்புச் சராசரியை ஒட்டியே இருக்கிறாள். மொத்தத்தில் 24ஆம் இடம். முன்பு சொன்ன கணக்குப்படி மூன்று படி ஏற்றம் என்பது பிழையின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே அதை முன்னேற்றத்துக்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. சான்று அந்த இரண்டு சதவீதக் கணக்குகள்தான். கணங்களில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. மூன்று கணங்கள் வெட்டிக்கொள்ளும் படங்களில் எண்ணை உள்ளேயிருந்து வெளியே நிரப்பும் பழக்கம் அவளுக்கு இன்னும் படியவில்லை.

ஒரு வகுப்பு, ஒரு மாணவி, இரண்டு பருவம்: இந்த ஆய்வின் எல்லை அவ்வளவே. அவளோடு அகாடமிக்குப் போன இன்னொரு பிள்ளையின் தாள்களைப் பார்க்க முடிந்திருந்தால் பழைய பள்ளி எதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டது என்பது இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

அடுத்த ஆண்டு எஸ்.சி. அதில் பாடத்துக்குப் பாடம் 1 முதல் 9 வரை தரம், 1 மேலானது. வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் என்ன வாங்கினார் என்பது அந்தச் சான்றிதழில் இருக்காது. மூன்றாம் பருவத்துக்கு முக்கோணவியல் தொடங்குகிறது. சுவர்த் தாளில் அதற்கான வரிகளை அவளே சேர்த்துவிட்டாள். எல்லாமே இப்போதைக்கு மூன்றாவது கட்டத்தில்.